கீழ்ப்படிபவர்களுக்கு அடைக்கலம்

மெரிடா, ஸ்பெயின்
4 செப்டம்பர் 2025

அம்மா,

எமிலியின் செய்தி கிடைத்தது. முதியோர் இல்லச் சமையலறையில் உங்களோடு வேலை செய்கிறவளாம். 'உன் அம்மாவுக்கு என் முகவரியில் கடிதம் போடு, நான் கையில் கொடுக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். ஏன் கடிதம் என்று கேட்டேன். உங்கள் போனை அப்பா ஒவ்வொரு பின்னேரமும் வாங்கிப் பார்க்கிறார் என்றாள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு எமிலி தேவையில்லை. நானும் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன வருடம் சமையலறைக் கதவுக்கும் சுவருக்கும் இடையில் வைத்து அவர் உங்களை நசுக்கியதை என் கண்ணால் பார்த்தேன். உங்கள் காதிலிருந்து இரத்தம் வடிந்தது. பொலிசைக் கூப்பிட்டது நான். அவர்கள் வந்து கேட்டபோது நீங்கள் சொன்னது என்ன? பாத்ரூமில் வழுக்கி விழுந்தீர்களாம். அந்தப் பொலிஸ்காரன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எரிகிறது. அப்பா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் போனபின் என்னைப் பார்த்து, "கேட்டியோ பொய்காரி?" என்றார். நீங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அடுத்த நாள் நான் பெட்டியைக் கட்டினேன்.

இங்கே ஒரு கோட்டையில் வேலை செய்கிறேன். அல்காசாபா என்பார்கள். ஸ்பெயினை முஸ்லிம்கள் ஆண்ட காலத்தின் மிகப் பழைய கோட்டைகளில் ஒன்று, 835ஆம் ஆண்டு கட்டியது. ரோமர் போட்ட நீளமான பாலம் குவாடியானா ஆற்றைக் கடந்து ஊருக்குள் ஏறும் இடத்தில் நிற்கிறது. பாலத்தைப் பிடித்தவன் வடக்கே போகிற பாதையைப் பிடித்தான். கல்லிடுக்கில் உளுத்துப்போன சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுவது என் வேலை. ஆனால் இந்தக் கோட்டை வெளியிலிருந்து வரும் எதிரிக்காகக் கட்டப்பட்டதில்லை. கொர்தோபாவிலிருந்து ஆண்ட எமீர் தன் சொந்தக் குடிமக்களுக்கு எதிராகக் கட்டினார்.

விருப்பமென்றால் பதில் எழுதுங்கள்.

ஹம்சத்வனி

*

குரோருட், ஒஸ்லோ
14 செப்டம்பர்

வனிக்கு,

சுகம், சுகமறிய ஆவல் என்றுதான் கடிதம் தொடங்க வேண்டும். எனக்குச் சுகமில்லை. உனக்கு என் சுகம் அறிய ஆவலும் இல்லை. ஆனபடியால் விட்டுவிடுகிறேன்.

என்னடி எழுத்து இது! குளிருக்குள்ளே உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நான். அந்தத் தமிழாலேயே எனக்கு அறைகிறாய். நல்லாயிரு.

உன் கொப்பருக்கு நீ எங்கே என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். கோட்டை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குச் சன்னதம் வரும். யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து ஆமி அடித்த ஷெல்லில் அவருடைய தம்பி செத்தது உனக்குத் தெரியும்தானே. சைக்கிளில் போன பொடியன். கால் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். கொப்பர்தான் பொறுக்கிச் சாக்கில் கட்டினவர். எனக்கு அடித்து முடிந்ததும் அந்தக் கதையைச் சொல்லித்தான் அழுவார். நானும் அடிபட்ட கையாலேயே அவருடைய தலையைத் தடவிக்கொண்டு இருந்தேன். இப்போது அலுத்துவிட்டது. எங்கட ஊரில் எல்லாருக்கும்தான் ஷெல் விழுந்தது. எல்லாரும் பெண்சாதியின் தலைமயிரைப் பிடித்து அடுப்போடு மோதுகிறார்களோ?

போன கிழமை குழம்பில் புளி கூடிவிட்டது என்று விலாவில் உதைத்தார். மூச்செடுக்க நோகிறது, சிரித்தால் இன்னும் நோகிறது. எமிலி பகிடிக்காரி. என்னைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போ என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பொலிசுக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்டாயோ? கேட்காமல்தானே பெட்டியைக் கட்டினாய். அது கிடக்கட்டும். அந்த எமீர் தன்னுடைய சனத்துக்கு எதிராக ஏன் கோட்டை கட்டினவன்? அதை எழுது. எதையும் அரைவாசியில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் உனக்குச் சின்னனிலிருந்தே இருக்கிறது.

அம்மா

*

மெரிடா
24 செப்டம்பர்

அம்மா,

விலாவுக்கு டொக்டரிடம் போனீர்களா? போயிருக்க மாட்டீர்கள்.

சரி, கதையைக் கேளுங்கள். மெரிடாக்காரர் அடங்காத சனம். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், வட ஆபிரிக்காவிலிருந்து வந்த பெர்பர்கள் எல்லாரும் ஒன்றாக இருந்த ஊர். 828இல் எமீரின் ஆளுநரைக் கொன்றார்கள். எமீர் படையோடு வந்து சுற்றி வளைத்தார். வயலை எரித்து, ஊரைப் பட்டினி போட்டார். பெரிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு, நகரச் சுவரை இடித்தார். இடித்த கல்லை ஆற்றில் போடும்படி கட்டளை, இல்லாவிட்டால் அதே கல்லால் திரும்பக் கட்டிவிடுவார்கள் அல்லவா? தங்கள் சுவர் ஆற்றுக்குள் போகிறதைக் கண்டதும் சனம் மறுபடியும் எழும்பியது. வருடக்கணக்காக வெட்டும் குத்தும். மஹ்மூத் என்கிற தலைவனுக்கு ஜமீலா என்று ஒரு சகோதரி. அவளும் குதிரையில் ஏறிச் சண்டை பிடித்தாள் என்று பழைய வரலாற்றுக்காரர் எழுதியிருக்கிறார்கள்.

கடைசியில் ஊர் விழுந்தது. அதன்பிறகு எழும்பியதுதான் இந்தக் கோட்டை. ஊரிலிருந்த ரோமர் காலத்துக் கல்லையும் கல்லறைக் கல்லையும் பிடுங்கித்தான் கட்டினார்கள். நான் சுரண்டுகிற இடத்தில் ஒரு சமாதிக் கல் தலைகீழாக நிற்கிறது. செத்தவரின் பெயரை வாசிக்க நான் குனிந்து கழுத்தைத் திருப்ப வேண்டும். பாலத்தால் வருகிற எவரும் கோட்டையின் சின்ன முன்முற்றம் ஒன்றுக்குள் நுழைந்துதான் ஊருக்குள் போகலாம். அங்கே காவலாளி நிற்பான். அவன் பார்க்காமல் ஒரு கழுதைகூடப் போகாது. வாசலுக்கு மேலே அரபியில் கல்வெட்டு இருந்தது. 'கீழ்ப்படிபவர்களுக்கு அடைக்கலமாக இருக்கட்டும் என்று எமீர் இந்தக் கோட்டையைக் கட்டுவித்தார்' என்பது அதன் பொருள்.

அம்மா, இங்கே வந்துவிடுங்கள். என் அறை சின்னதுதான். இருவருக்கும் காணும்.

வனி

*

குரோருட்
4 அக்டோபர்

வனிப் பிள்ளைக்கு,

கீழ்ப்படிகிறவைக்கு அடைக்கலமாமோ! நாசமாய்ப் போக! உடுப்பு மாற்றுகிற அறையில் இருந்து வாசித்துவிட்டு, விலா நோக நோகச் சிரித்தேன். எமிலி ஓடி வந்து என்ன என்று கேட்டாள். சொன்னேன், அவளும் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். கொப்பரும் அதைத்தான் சொல்கிறவர். "சொல்லுக் கேட்டு நடந்தால் உனக்கென்னடி குறை? ராசாத்தி மாதிரி வைச்சிருப்பன்."

அந்த ஜமீலாவை எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் கடைசியில் என்ன ஆனாள்?

இப்போது நீ கேட்காததைச் சொல்கிறேன், கேள். அன்றைக்கு வந்த பொலிஸ் எனக்குத் தமிழில் கேட்கவேண்டும் என்று போனில் ஒரு தொல்க்கைப் பிடித்தார்கள். மொழிபெயர்க்கிற ஆள். போனை என்னுடைய நல்ல காதில் வைத்தார்கள். "அக்கா, சுகமோ? என்ன நடந்தது?" என்றது குரல். சபாரத்தினம்! கோயில் நிர்வாகத்தில் கொப்பருக்குப் பக்கத்துக் கதிரை. போன திருவிழாவில் என் கையால் மோதகம் வாங்கித் தின்ற மனிசன். அவருடைய வாயால்தான் என் புருசன் எனக்கு அடிக்கிறார் என்று பொலிசுக்குப் போகவேண்டும். பாவம், அந்த மனிசனும் தன் வேலையைத்தான் செய்தது. என்ன சொல்வேன் நான்? வழுக்கி விழுந்தேன் என்றேன். நீ எழுதினாயே, காவலாளி பார்க்காமல் கழுதைகூடப் போகாது என்று. எங்கட வாசலிலும் ஒரு காவலாளி நின்றவர், நீ காணவில்லை.

ஏன் நோர்வேஜியனில் நீங்களே கதைக்கவில்லை என்று கேட்பாய். கதைத்த காலம் ஒன்று இருந்தது. நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் மீன் வெட்டின காலத்தில் வரிசையில் எனக்கு இரண்டு பக்கமும் அந்த ஊர்ப் பெண்டுகள். அவர்களிடம் படித்த நோர்வேஜியன். அவர்கள் ஏசுகிற ஏச்செல்லாம் எனக்குப் பாடம். ஒஸ்லோவுக்கு வந்த பிறகு கொப்பர் விருந்துகளில் என்னைக் கதைக்கவிட்டு, "கேளுங்கோ, மீன் மணக்கிற நோர்வேஜியன்!" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். எமிலியோடு மட்டும் கதைக்கிறேன்.

நான் ஏன் மெரிடாவுக்கு வரவேண்டும்? இந்த வீடு நான் விரல் விறைக்க மீன் வெட்டின காசில் வாங்கின வீடு. என்னுடைய கல்லைப் பிடுங்கித்தான் அவர் கோட்டை கட்டியிருக்கிறார். கல்லை விட்டுவிட்டு நான் ஓடவோ?

அம்மா

*

மெரிடா
12 அக்டோபர்

அம்மா,

சபாரத்தினம் மாமா என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்தப் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருப்பேன். இந்த ஒரு வருடத்தில் நீங்கள் அதை எனக்குச் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் தலைக்கனம்.

ஜமீலாவுக்கு என்ன ஆனது என்று கேட்டீர்கள். அண்ணனோடு வடக்கே ஓடினாள். அங்கே அவன் செத்தான். அவளை ஒரு கிறிஸ்தவப் பிரபு பிடித்துக் கலியாணம் செய்துகொண்டான் என்று எழுதியிருக்கிறார்கள். அவள் என்ன நினைத்தாள் என்று ஒருவரும் எழுதவில்லை.

நீங்கள் கல்லைப் பற்றி எழுதியதை வாசித்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மா, கல்லுக்காக நின்றவர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? 868இல் மெரிடா மறுபடி எழும்பியது. அப்போது இருந்த எமீர் பாலத்தின் ஒரு தூணை உடைத்தார், ஊர் பணிந்தது. மிஞ்சிய நகரச் சுவர் முழுவதையும் தரைமட்டமாக்கினார். கோட்டையை மட்டும் விட்டார். ஆட்களைக் குடும்பத்தோடு கிளப்பிக்கொண்டு போனார். கோட்டை நின்றது, ஊர் செத்தது. நீங்களும் ஒருநாள் அந்த அடுப்படியில் செத்துக் கிடப்பீர்கள். அவர் சாம்பிராணி போட்டுத் தேவாரம் பாடுவார். கோயில்காரர் வந்து அழுவார்கள். அதற்குத்தானா இந்த வீம்பு?

ஓம் என்று ஒரு சொல் எழுதுங்கள். நான் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்.

வனி

*

குரோருட்
23 அக்டோபர்

வனி,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிறுக்கின மாதிரி இருக்கும்.

தீபாவளிக்குச் சனம் வந்தது. சபாரத்தினமும் மனைவியும், கோயில் ஆட்கள். வடை பரிமாறினேன். யாரோ தன்னுடைய பிள்ளையின் படிப்பைப் பெரிதாகக் கதைத்தார்கள். என்னுடைய வாய் சும்மா இருக்கவில்லை. 'என்ர பிள்ளை ஸ்பெயினிலை ஆயிரத்திருநூறு வருசக் கோட்டையிலை வேலை' என்று சொல்லிவிட்டேன். பெருமை. அதோடு நிற்பாட்டினேனோ? கல்வெட்டுக் கதையையும் சொன்னேன். கீழ்ப்படிகிறவைக்கு அடைக்கலமாம் என்று.

எல்லாரும் சிரித்தார்கள். சபாரத்தினம் சொன்னார், "குகதாசன், அப்ப உங்கட வீடு மாதிரி எண்டு சொல்லுங்கோ!"

அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், வனி. இவ்வளவு காலமும் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. கொப்பர் மட்டும் சிரித்தார். சபாரத்தினத்துக்கு இன்னொரு வடை வைத்தார்.

அவர்கள் போனபின், "ஆர் சொன்னது உனக்கு? கடிதமோ? எங்கை?" என்று கேட்டார். எமிலியிடம் இருக்கிறது என்று சொல்லவில்லை. என்னுடைய வலது கையைச் சமையலறை மேசையில் வைத்து இடியப்ப உரலால் அடித்தார். மணிக்கட்டு தடி முறிகிற மாதிரிச் சத்தம் போட்டது. நான் சத்தம் போடவில்லை. அவசர ஆஸ்பத்திரியில் அவரே எனக்காக நோர்வேஜியனில் கதைத்தார். பாத்ரூமில் வழுக்கினதாம்.

இனி எழுதாதே. எமிலிக்கும் ஆபத்து வரும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சபாரத்தினமும் ஆட்களும் வந்து சமாதானம் பேசப் போகிறார்களாம். எங்கட வழக்கம்தானே, பழமும் வெற்றிலையும் வைத்துப் பேசி முடித்து, பொம்பிளைக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குக் களைத்துவிட்டது.

அம்மா

*

மெரிடா
29 அக்டோபர்

அம்மா,

எழுதாதே என்றீர்கள். கேட்க மாட்டேன். கீழ்ப்படியாத பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டைக்குள்ளே நடந்தேன். அழுதேன். அங்கே நிலத்துக்குக் கீழே ஒரு நீர்த்தொட்டி இருக்கிறது. இரட்டைப் படிக்கட்டு, இருட்டுக்குள் இறங்கும். பழைய தேவாலயம் ஒன்றிலிருந்து பிடுங்கிய, திராட்சைக்கொடி செதுக்கிய கல்லெல்லாம் அதன் சுவரில் நிற்கிறது. குவாடியானா ஆற்றின் தண்ணீர் மண்ணுக்குள்ளால் வடிந்து அங்கே வந்து நிற்கும். வெளியே எத்தனை மாதம் எவன் காவல் நின்றாலும் உள்ளே இருப்பவனுக்குத் தாகம் இல்லை. கோட்டையின் பலம் சுவரில் இல்லை அம்மா, அந்தத் தண்ணீரில்தான். அது வெளியே நிற்கிறவன் கண்ணில் படாது.

பதினெட்டாம் தேதிக்குப் பிறகுதான் எனக்கு லீவு தருகிறார்கள். இருபதாம் தேதி ஒஸ்லோவில் இறங்குவேன். அதுவரைக்கும் உயிரோடு இருங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் செத்துப்போவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

வனி

*

குரோருட்
6 நவம்பர்

என் வனிக்கு,

இதையும் இடது கையால்தான் எழுதுகிறேன். இந்த முறை எழுத்து கொஞ்சம் திருந்தியிருக்கிறது, பார்.

ஞாயிற்றுக்கிழமை காலமை. சமாதானம் பேச ஆட்கள் வருகிற நேரம். கொப்பன் வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு நின்றான். ஆட்களுக்கு முன்னால் நான் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குப் பாடமாக்கினான். "சொல்லு, விழுந்தனான் எண்டு சொல்லு." நான் சொல்லவில்லை. பிளாஸ்டர் போட்ட கையைப் பிடித்து முறுக்கினான். கண் இருட்டியது. மற்றக் கை மேசை லாச்சிக்குள் போனது. பாட்ஸ்பியோர்ட்டில் வேலையை விட்டு வரும்போது வரிசைப் பெண்டுகள் தந்த மீன் கத்தி அங்கே கிடக்கிறது. நீ சின்னதில் தொட்டால் நான் ஏசுவேனே, அதுதான்.

அவன் கழுத்தில் வைத்தேன். கழுத்தில்தான். கொஞ்சம் கீறியும் விட்டது, இரத்தம் வேட்டியில் சொட்டியது. "வலக்கை எண்டால் எங்கை வெட்டிறது எண்டு எனக்குத் தெரியும். இடக்கையை நம்பேலாது" என்றேன். அவன் என் கண்ணைப் பார்த்தான். வெட்டியிருப்பேன் வனி, உனக்கு ஏன் ஒளிப்பான்? பின்னுக்குப் பின்னுக்குப் போனான். ஓடிப்போய்ப் பாத்ரூமுக்குள் புகுந்து பூட்டிக்கொண்டான். நான் வழுக்கி விழுந்த அதே பாத்ரூம்!

அவனுடைய போன் மேசையில் கிடந்தது. அதில்தான் பொலிசுக்கு அடித்தேன். "கத்தியைப் போடு, சத்தியபாமா, கதைப்பம்" என்று உள்ளே இருந்து கெஞ்சினான். பிறகு ஏசினான், பிறகு தம்பி செத்த கதையைச் சொல்லி அழத் தொடங்கினான். "உள்ளுக்குத் தண்ணி இருக்குதானே, குடி" என்றேன்.

மணி அடித்தது. சபாரத்தினமும் இன்னும் இரண்டு பேரும். கையில் பழத்தட்டு. கத்தியைத் தண்ணித் தொட்டியில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். "இண்டைக்குச் சமாதானம் இல்லை. பொலிஸ் வருகுது. நிண்டு பாருங்கோ" என்றேன். தட்டோடு படிக்கட்டில் நின்றார்கள். இறங்கிப் போகவும் துணிவில்லை.

பொலிஸ் வந்தது, ஒரு பெண்ணும் ஒரு ஆணும். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் தொல்க்குக்குப் போன் அடிக்கப் போனாள். சபாரத்தினம் முன்னுக்கு வந்து, தன்னுடைய அட்டையை எடுத்துக் காட்டினார். "நான் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர், இவை எங்கட ஆக்கள், நான் சொல்லுறன்" என்று அவளுக்கு நோர்வேஜியனில் சொன்னார்.

வேண்டாம் என்றேன். நோர்வேஜியனில்.

பிறகு வாய் திறந்துவிட்டது. அப்படி ஒரு நோர்வேஜியன் குரோருட் படிக்கட்டில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கதவிடுக்கில் நசுக்கினது, அடுப்பில் மோதினது, விலா, காது, இடியப்ப உரல், கத்தி வைத்ததும்கூட. மீன் வரிசையில் படகுக்காரரைப் பற்றிப் பெண்டுகள் பேசுகிற ஏச்சு எல்லாம் இடையில் தானாக வந்து விழுந்தது. சபாரத்தினம் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் மொழிபெயர்க்க ஒரு சொல்லும் மிச்சமில்லை. அந்தப் பொலிஸ்காரி, "நீங்கள் வடக்கோ?" என்று கேட்டாள். பாட்ஸ்பியோர்ட் என்றேன். மீன் மணக்கிறதோ என்றும் கேட்டேன். இல்லை என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

அவன் சும்மா வரவில்லை. துவாய் தொங்கப்போடுகிற கம்பியைப் பிடுங்கிக்கொண்டு கதவைத் திறந்து, முன்னுக்கு நின்ற பொலிஸ்காரனின் முகத்தில் அடித்தான். பல்லு ஒன்று தெறித்து என் காலடியில் விழுந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அவனை நிலத்தில் அமத்தி, முதுகில் முழங்காலை ஊன்றி விலங்கு போட்டார்கள். அவனுடைய முகம் செருப்புக் கழற்றுகிற கம்பளத்தில் கிடந்தது. "குகதாசன் அண்ணை, எழும்பாதையுங்கோ, அசையாதையுங்கோ" என்று சபாரத்தினம் அழுதார். பழம் எல்லாம் படியால் உருண்டு போனது. மேல் வீட்டுக்காரர், கீழ் வீட்டுக்காரர் எல்லாரும் கதவைத் திறந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இப்போது அவன் உள்ளே. வழக்கு முடியும்வரை வெளியே வந்தாலும் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. கத்தி வைத்ததுக்கு என்னையும் விசாரிக்கிறார்கள். விசாரிக்கட்டும். கோயில்காரர் போன் அடிக்கிறார்கள், எடுக்கவில்லை. நேற்றைக்குச் சபாரத்தினத்தின் மனைவி தனியாக வந்து, வாசலில் நின்று அழுதாள். அவளுடைய கையைப் பார்த்தேன், நீலம் பாரித்திருந்தது. விசயம் விளங்கியது. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன்.

எமிலியின் தமையன் வந்து பூட்டை மாற்றித் தந்தான். கதவில் இருந்த குகதாசன் என்ற பெயர்த்தகட்டை நானே கழற்றினேன், அந்தக் கத்தியைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டபடியால் ஒரு முள்ளுக்கரண்டியால். வெறுங்கதவு நன்றாயில்லை. நீ கல்லில் எழுத்து வெட்டத் தெரிந்தவளைக் கண்டால் என் பெயரை வெட்டிக்கொண்டு வா. அடைக்கலம், கிடைக்கலம் ஒன்றும் வேண்டாம். சத்தியபாமா, அவ்வளவுதான்.

இருபதாம் தேதி வருகிறாய். என்னைக் கூட்டிக்கொண்டு போக வராதே, சாப்பிட வா. புளி கூடவிட்டுத்தான் மீன் குழம்பு வைப்பேன்.

வாசலில் நின்று மணியை அடி. ஆர் என்று கேட்பேன். உன்னுடைய பேரைச் சொல்லு. சொன்ன பிறகுதான் திறப்பேன். நீயென்றாலும் அப்படித்தான்.

அம்மா